ஸ்டீம் லைனை நாமே மாற்றுவது: வீட்டோடு இருக்கும் அயர்னிங் ஷெட்டுக்கு முழு வழிகாட்டி

எங்கள் ஷெட்டில் காலையில் அயர்ன் போடும் முதல் பத்துப் பதினைந்து பீஸைத் தனியாக எடுத்து வைத்துவிடுவது வழக்கம். பட்டனை அமுக்கினால் ஆவிக்கு முன்னால் தண்ணீர் துப்பும். வெள்ளை டி-ஷர்ட்டில் பழுப்பு வட்டம் விழும். கூடவே தலைக்கு மேலே போகும் பைப்பை யாரோ சுத்தியலால் தட்டுவது போல டங் டங் என்று சத்தம். பாய்லர் விற்றவரைக் கேட்டால் தண்ணீர் சரியில்லை என்பார். லாரித் தண்ணீர்க்காரரைக் கேட்டால் பாய்லர் சரியில்லை என்பார். இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. தப்பு நடுவில் போன பைப்பில்.

ஒரு தீபாவளி லீவில் மொத்த லைனையும் கழற்றிவிட்டு நானே புதிதாகப் போட்டேன். திருப்பூரில் இந்த வேலைக்கு அந்த ஒரு வாரத்தை விட்டால் வேறு நாள் கிடையாது. மற்ற நாளில் ஏதாவது ஒரு ஷிப்மெண்ட் கழுத்தில் நிற்கும். நான் ஃபிட்டர் இல்லை. கையில் ரின்ச் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் காங்கேயத்தில் அரிசி ஆலை பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது ஒன்றுதான். "ஆவி எப்படி வேணா போயிக்குமுங்க தம்பி. அது தண்ணியானா எங்க போகுமுன்னு மட்டும் பார்த்துப் பைப்பு போடுங்க." கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தப் பேச்சின் விரிவுரைதான்.

முதலில், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

நான் சொல்வது கரண்டில் ஓடும் சின்ன பேபி பாய்லருக்கு. பாய்லரின் நேம் பிளேட்டைப் பாருங்கள். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளது பாய்லர் சட்டத்தின் வரையறைக்குள் வராது. கடைகளில் 24 லிட்டர் என்று விற்பதன் காரணம் இதுதான். 1923-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் வந்த பிறகும் இந்த 25 லிட்டர் அளவு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட பாய்லர், விறகு பாய்லர், சாயப்பட்டறை பாய்லர் என்றால் இந்தக் கட்டுரையை இதோடு மூடிவிடுங்கள். அங்கே அனுமதி பெற்ற ஆட்களும் இன்ஸ்பெக்டரும் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது. லைனில் ஓடும் பிரஷர் (சதுர செண்டிமீட்டருக்கு) 3.5 கிலோவைத் தாண்டினால் அந்தப் பைப்பையும் சட்டம் 'ஸ்டீம் பைப்' என்று தனியாகக் கவனிக்கிறது. எங்கள் ஷெட்டில் 3 கிலோதான் ஓட்டுகிறோம். பனியன் துணிக்கு அது தாராளம்.

சட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்பதற்காக ஆபத்துக்கும் வெளியே என்று நினைத்துவிட வேண்டாம். 3 கிலோ பிரஷரில் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு சுமார் 144 டிகிரி. 15 லிட்டர் தண்ணீர் அந்தச் சூட்டில் சட்டென்று வெளியே வந்தால் அதில் ஒரு லிட்டருக்கும் மேல் அந்தக் கணமே ஆவியாகும். அந்த ஆவி மட்டும் 2,000 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் எல்லை மெயின் வால்வோடு முடிந்தது. அதற்கு வெளியே உள்ள பைப் நம்முடையது. பாய்லர் உடம்பு, ஹீட்டர், பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு நான்கிலும் கை வைக்கவில்லை. சேஃப்டி வால்வின் வெளிவாய்ப் பைப்பை மட்டும் பார்த்துவிடுங்கள். அது வால்வின் வாய் அளவே இருக்க வேண்டும், தரையைப் பார்த்து இறங்க வேண்டும், அதில் எந்த வால்வும் பிளக்கும் இருக்கக்கூடாது. சொட்டுகிறது என்று எங்கள் பக்கத்து ஷெட்டில் ஒருவர் அதில் பிளக் போட்டு அடைத்து வைத்திருந்தார். பார்த்த அன்றே கழற்ற வைத்தோம்.

ஏன் தண்ணீருக்குப் பைப் போட வேண்டும்

எங்கள் லைன் 12 மீட்டர் நீளம், முக்கால் இஞ்சு கனமான பைப். எடை சுமார் 22 கிலோ. காலையில் 30 டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் இந்த இரும்பு 144 டிகிரிக்கு ஏற வேண்டுமானால், சுமார் 600 கிராம் ஆவி தன் சூட்டை அதற்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீராக வேண்டும். இந்த 600 மில்லி தண்ணீர் பைப்புக்குள்ளேயே ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றேமுக்கால் மீட்டர் நீளத்துக்குப் பைப்பை முழுதாக அடைத்து நிற்கும். பின்னாலிருந்து வரும் ஆவி அதைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த வளைவில் (எல்போ) அடிக்கும். டங் டங் அதுதான். நாளடைவில் அந்த அடி இணைப்பைப் பிளந்துவிடும்.

இது காலையில் ஒரு தடவை. ஓடும்போதும் விடாது. இன்சுலேஷன் இல்லாத முக்கால் இஞ்சு பைப் மீட்டருக்குச் சுமார் 150 வாட் சூட்டை ஷெட்டுக்குள் விடுகிறது. 12 மீட்டருக்கு 1,800 வாட். எங்களுடையது 12 கிலோவாட் பாய்லர். ஏழில் ஒரு பங்கு கரண்டைக் கொடுத்து, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் நாங்களே எங்களை வேகவைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்படி வீணாகும் சூட்டால் மட்டும் மணிக்கு மூன்று லிட்டர் தண்ணீர் லைனில் உருவாகும். அதற்குப் போக வழி இல்லையென்றால் அது அயர்ன் பாக்ஸ் வழியாகத்தான் வரும்.

எங்கள் பழைய லைனில் மூன்று தப்பு இருந்தது. மெயின் பைப் நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கியது. டேபிளுக்கு இறங்கும் கிளைகளை மெயினின் அடிவயிற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். கடைசியில், ஆவியை நிறுத்தித் தண்ணீரை மட்டும் வெளியே விடும் ட்ராப் இல்லாமல் பிளக் போட்டு மூடியிருந்தார்கள். அதாவது தண்ணீர் நாலு டேபிளுக்கும் சமமாகப் போய்ச் சேர எல்லா ஏற்பாடும் செய்திருந்தார்கள்.

என்ன வாங்க வேண்டும்

பைப்: கருப்பு எம்.எஸ். பைப், சி கிளாஸ். சிவப்புப் பட்டை அடித்திருக்கும். நீலப் பட்டை பி கிளாஸ், மஞ்சள் ஏ கிளாஸ். முக்கால் இஞ்சு சி கிளாஸின் சுவர் 3.2 மில்லி. மரை வெட்டினால் சுவரில் பாதி போய்விடும் என்பதால் கனம் இங்கே முக்கியம். ஜி.ஐ. பைப் வேண்டாம். சூட்டில் துத்தநாகப் பூச்சு உரிந்து பொடியாகி, அயர்ன் பாக்ஸுக்கு ஆவியைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வை அடைக்கும். சி.பி.வி.சி. 93 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், எனவே பிளாஸ்டிக் வகை எதையும் கிட்டவே கொண்டு வராதீர்கள்.

சைஸ்: 12 கிலோவாட் பாய்லர் மணிக்கு 16 கிலோ ஆவிக்குமேல் கொடுக்காது. முக்கால் இஞ்சில் அது நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும். அரை இஞ்சிலும் போகும், ஆனால் வேகம் கூடும். வேகம் கூடினால் தண்ணீரையும் வாரிக்கொண்டு வரும். மெயினுக்கு முக்கால், டேபிளுக்கு இறங்க அரை.

மற்றவை: ஃபோர்ஜ்டு எல்போ, டீ, யூனியன் (பைப்பைத் திருப்பாமலே கழற்ற உதவும் இணைப்பு) மூன்று நான்கு. ஸ்டீமுக்கான பால் வால்வு, உள்ளே டெஃப்லான் சீட் உள்ளது. தண்ணீர் லைனுக்கு விற்கும் பித்தளை வால்வு ஆறு மாதத்தில் கைப்பிடி வழியாகக் கசியும். அரை இஞ்சு தெர்மோடைனமிக் ட்ராப் ஒன்று, அதற்கு முன்னால் வைக்க, குப்பையைப் பிடிக்கும் ஒய் ஸ்ட்ரெய்னர். வேக்கம் பிரேக்கர் ஒன்று, எதற்கு என்று பிறகு சொல்கிறேன். டெஃப்லான் டேப் 260 டிகிரி தாங்கும், நல்ல கனமானதாக வாங்குங்கள். சூடு வெளியே போகாமல் பைப்பைப் போர்த்த ராக்வுல் குழல், மேலே சுற்ற அலுமினியத் தகடு. எல்லாவற்றையும் லீவுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கி எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மறுநாள் ஒரு அரை இஞ்சு நிப்பிளுக்காக நான் பெருமாநல்லூர் வரை போய் வந்தேன், கடை எல்லாம் பூட்டு.

பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வரும். அளவை எழுதிக் கொடுத்தால் கடையிலேயே வெட்டி மரை போட்டுத் தருவார்கள். டை செட் வாடகைக்கு எடுத்து நானே போட்டேன், ஆனால் கடையில் போட்டதே நேராக இருந்தது. அளக்கும்போது ஒவ்வொரு மரையும் எல்போவுக்குள் ஒன்றரை செண்டிமீட்டர் அளவு போகும் என்பதைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். இதை மறந்து முதல் துண்டையே குட்டையாக வெட்டிவிட்டேன்.

கழற்றுவது

முந்தின நாள் சாயங்காலமே பாய்லரை நிறுத்துங்கள். ஒரு அயர்ன் பாக்ஸைத் திறந்துவிட்டு பிரஷர் பூஜ்யத்துக்கு வரும்வரை ஆவியை வெளியே விடுங்கள். மூன்று ஃபேஸ் மெயினை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது தெரியாமல் போட்டுவிடாமல் இருக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்று மட்டும் நம்பாதீர்கள். முள் சிக்கியும் நிற்கும். லைனில் ஏதாவது ஒரு வால்வைத் திறந்து, காற்றும் வரவில்லை, தண்ணீரும் வரவில்லை என்று உறுதி செய்த பிறகே ரின்ச்சை எடுங்கள்.

யூனியனில் தொடங்குங்கள். துருப்பிடித்த மரைக்கு எண்ணெய் விட்டுச் சித்தெ நேரம் பொறுத்திருங்கள். எப்போதும் இரண்டு ரின்ச். ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ரின்ச்சால் இழுத்தால் அந்தத் திருப்பம் முழுக்கப் பாய்லரின் வாயில் போய்த்தான் விழும்.

பாய்லர் வாயிலிருந்து மேலே

இந்தப் பகுதியில்தான் ஆற அமர வேலை பார்க்க வேண்டும். கொதிக்கும் பாய்லரின் தண்ணீர் மட்டம் அமைதியாக இருக்காது, பொங்கிக்கொண்டே இருக்கும். வாயிலிருந்து பைப் உடனே பக்கவாட்டில் திரும்பினால் தெறிக்கும் துளிகள் ஆவியோடு ஓடிவிடும். நேராக உயர்ந்து நின்றால் கனமான துளி திரும்பி விழுந்துவிடும், ஆவி மட்டும் மேலே போகும்.

குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்கவே ஸ்டீம் பாய்லர் வைக்கிறார்கள். அமெரிக்காவின் பழைய வீடுகளில் இன்றும் ஓடுகிறது. அவர்கள் பிரஷர் நம்முடையதில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. இருந்தும் பாய்லர் தண்ணீர் மட்டத்திலிருந்து, மேலே படுக்கையாக ஓடும் ஹெட்டர் பைப் குறைந்தது 24 இஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அங்கே பாய்லர் கம்பெனிகள் கையேட்டில் போடும் வழக்கமான கணக்கு. நான் அதையே பிடித்துக்கொண்டு, மெயின் வால்வுக்கு மேல் இரண்டரை அடி நேராக ஏற்றினேன். வாய் என்ன சைஸோ அதே சைஸில் ஏறட்டும். வாயிலேயே ரெடியூசர் போட்டுச் சுருக்கினால் அந்த இடத்தில் வேகம் கூடி, தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும்.

ஏறுகிற பைப்பின் உச்சியில் ஒரு டீ போட்டு வேக்கம் பிரேக்கரை மாட்டுங்கள். பலர் இதை வீண் செலவு என்பார்கள். எனக்கு மொத்த வேலையிலும் அதிகம் பலன் கொடுத்தது இதுதான். ராத்திரி பாய்லர் ஆறும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்கித் தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம், பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கும் ஃபீடு டேங்கிலிருந்து, பாய்லர் பக்கம் மட்டும் தண்ணீரை விடும் என்.ஆர்.வி. வால்வு வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் வந்து பார்த்தால் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் தலை வரை நிறைந்திருக்கும். அதோடு சூடேற்றினால் ஆவிக்கு இடமே இல்லாமல் தண்ணீராகவே துப்பும். எங்கள் முதல் பத்துப் பீஸின் கதை பாதிக்கு மேல் இதுதான். பிரேக்கர் வெற்றிடம் வந்தவுடன் காற்றை உள்ளே விட்டுவிடும், உறிஞ்சல் நடக்காது.

மெயின் லைன்

மீட்டருக்கு ஒரு செண்டிமீட்டர் சரிவு, ஆவி போகும் திசையிலேயே. 12 மீட்டருக்கு 12 செண்டிமீட்டர். சுவரில் இரண்டு முனையிலும் ஆணி அடித்துக் கொத்தனார் டியூப் மட்டத்தால் அளந்து, நூல் கட்டி, அந்த நூலை ஒட்டிக் கிளாம்ப் அடியுங்கள். ரசமட்டம் இந்த நீளத்துக்கு ஏமாற்றிவிடும். இரண்டு மீட்டருக்கு ஒரு கிளாம்ப் இருந்தால் தொட்டில் விழாது.

கிளாம்பை நெரித்து முறுக்காதீர்கள். 12 மீட்டர் இரும்புப் பைப் சூடேறும்போது ஒன்றரை செண்டிமீட்டருக்கு மேல் நீளும். பாய்லர் பக்கம் ஒன்றை மட்டும் இறுக்கி, மற்றவற்றில் பைப் வழுக்கிப் போக இடம் விடுங்கள். கடைசி முனை சுவரில் முட்டாமல் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் பெரிய பைப் துண்டு ஒன்றை உறையாக வைத்துவிடுங்கள்.

டேபிளுக்குப் போகும் கிளையை மெயினின் உச்சந்தலையிலிருந்து எடுங்கள். டீயை மேல்நோக்கித் திருப்பி, இரண்டு எல்போ போட்டு, வாத்துக் கழுத்து போல வளைத்துக் கீழே இறக்க வேண்டும். இரண்டு எல்போ கூடுதல் செலவு. ஆனால் தண்ணீர் அடியில் ஓடும், ஆவி மேலே மிதக்கும். மேலே இருந்து எடுத்தால் கிடைப்பது ஆவி. ஒவ்வொரு இறக்கத்திலும் ஆள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு வால்வு. அயர்ன் பாக்ஸுக்குப் போகும் ஹோஸ், எஃகுக் கம்பி பின்னிய டெஃப்லான் ஹோஸாக இருக்கட்டும்.

மரைக்கு டேப் சுற்றும்போது மரையின் முனை உங்களைப் பார்த்தபடி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் ஐந்தாறு சுற்று. முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் நூல் உள்ளே பிய்ந்து போகும். இறுக்கிய பிறகு எல்போ நேராக நிற்கவில்லை என்று பின்னோக்கித் திருப்பாதீர்கள். திருப்பினால் அந்த மரை கண்டிப்பாகக் கசியும். கழற்றி மறுபடி சுற்றுவதுதான் வழி.

கடைசி முனை

மெயின் முடியும் இடத்தில் அதே முக்கால் இஞ்சில் ஒரு டீ போட்டு ஒரு அடி கீழே இறக்குங்கள். தண்ணீர் வந்து விழும் குழி இது. குழியின் பக்கத்திலிருந்து வால்வு, ஸ்ட்ரெய்னர், ட்ராப் என்ற வரிசையில் போக வேண்டும். குழியின் அடியில் இன்னொரு வால்வு, துருவும் மண்ணும் வெளியேற்ற. ட்ராப்பின் உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள்.

ட்ராப் தண்ணீரைத் திரும்ப ஃபீடு டேங்குக்குக் கொண்டு போக ரிட்டர்ன் லைன் போடச் சொல்வார்கள். இன்சுலேஷன் போட்ட பிறகு எங்கள் லைனில் மணிக்கு அரை லிட்டர் அளவுதான் வருகிறது. அதற்காக இன்னொரு 12 மீட்டர் பைப் போட எனக்கு மனம் வரவில்லை. மூடியில் ஓட்டை போட்ட ஸ்டீல் வாளி ஒன்றைக் கீழே வைத்து, பைப் முனையை வாளியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். சாயங்காலம் ஆறிய பிறகு டேங்கில் ஊற்றிவிடலாம். கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்த தண்ணீர், உப்பே இல்லை. நம் பக்கம் ஆயிரம் அடி போர் தண்ணீரைப் பாய்லருக்கு விட்டு ஹீட்டரில் சுண்ணாம்பு கட்டவைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சோதனை

இன்சுலேஷன் போடும் முன்னால் சோதித்துவிட வேண்டும். மெயின் வால்வை மூடி, ட்ராப் பக்க வால்வை மூடி, வேக்கம் பிரேக்கர் இடத்தில் பிளக் போட்டு, லைன் முழுக்கத் தண்ணீர் நிரப்புங்கள். உயரமான இடத்தில் காற்றை விட்டுவிட்டுக் கைப்பம்பால் நாலரை கிலோ ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஓட்டும் பிரஷரின் ஒன்றரை மடங்கு கணக்கு. கம்ப்ரஸர் காற்றால் சோதிக்கவே கூடாது; தண்ணீரில் பிய்ந்தால் சொட்டும், காற்றில் பிய்ந்தால் பறக்கும்.

பிறகு முதல் சூடு. ஹோஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு, குழியின் அடி வால்வைத் திறந்து வைத்து, பாய்லர் ஒரு கிலோவுக்கு வந்ததும் மெயின் வால்வை இம்மியளவு மட்டும் திறந்து விடுங்கள். முதலில் தண்ணீர் வரும், பிறகு தண்ணீரும் ஆவியுமாக, கடைசியில் வெறும் ஆவி. இருபது நிமிடம் பொறுமையாக. அதன் பிறகே முழுதாகத் திறப்பது. ஒவ்வொரு டேபிள் இறக்கத்தையும் வாளிக்குள் விட்டு இதே மாதிரி ஊதி எடுங்கள். மரை வெட்டிய எண்ணெய் உள்ளே ஒட்டியிருக்கும். அது துணியில் பட்டால் கறை போகாது, வாளித் தண்ணீரோடு பாய்லருக்குப் போனால் நுரை கட்டி மறுபடி தண்ணீர் துப்பும். ஆகவே முதல் நாலைந்து நாள் வாளித் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குவது நின்ற பிறகு டேங்கில் ஊற்றலாம்.

சூட்டில் எங்காவது கசிந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது ரின்ச் போட வேண்டாம். நிறுத்தி, பிரஷர் இறக்கி, ஆறிய பிறகுதான். எனக்கு இரண்டு இடத்தில் கசிந்தது. இரண்டுமே நான் பின்னோக்கித் திருப்பிய எல்போக்கள்.

எல்லாம் சரியான பிறகு ராக்வுல், அதன் மேல் தகடு. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் அரிக்கும். வால்வு, யூனியன் இருக்கும் இடங்களை மூடாமல் விடுங்கள். ட்ராப்பையும் மூடக்கூடாது.

பிறகு பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். தினமும் பாய்லரை ப்ளோடவுன் செய்வது, அதாவது அடியில் சேரும் அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது, குழியின் அடி வால்வை வாரம் ஒருமுறை திறந்து விடுவது. ட்ராப் வேலை செய்கிறதா என்று பார்க்க நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அதன் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வையுங்கள். 'க்ளிக்' என்று விட்டுவிட்டுக் கேட்டால் சரி. விடாமல் 'உஸ்' என்று கேட்டால் ஆவி வீணாகப் போகிறது, ட்ராப்புக்குள் இருக்கும் தட்டில் அழுக்கு இருக்கும். ஒரு மாதம் கழித்து ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். என்னுடையதில் ஒரு கைப்பிடி இரும்புத் துருவலும், நான் முதல் மரையை விடாமல் சுற்றிய டெஃப்லான் நூலும் இருந்தன.